ஏஐ படத்துல நம்ம ஸ்டைல் ஒட்ட மாட்டேங்குதா? அறிகுறிய வச்சு கோளாறப் புடிக்கற வழி

ஒரு படம் அட்டகாசமா வந்துடும். அதே ஸ்டைல்ல இன்னும் நாலு படம் எடுக்கலாம்னு உக்காந்தா ஒண்ணு கார்ட்டூன் மாதிரி வரும், ஒண்ணு போட்டோ மாதிரி வரும், இன்னொண்ணு 3டி பொம்மை மாதிரி பளபளன்னு வந்து நிக்கும். கதைப் புத்தகத்துக்குப் படம் போடறவங்க, தம்ப்நெயில் பண்றவங்க, கேம் பண்றவங்கன்னு எல்லாரும் வந்து மாட்டிக்கற இடம் இதுதான். டூல் சரியில்லன்னு நெனச்சு வேற டூலுக்கு ஓடிடறாங்க, அங்கயும் இதேதான் நடக்கும்.

நான் பாத்த வரைக்கும் முக்கால்வாசி கோளாறுக்கு வேர் ஒண்ணுதான். "என்ன வரையணும்"ங்கறதும் "எப்படி வரையணும்"ங்கறதும் ஒண்ணோட ஒண்ணு கலந்து போயிடுது. ப்ராம்ப்ட்ல, அதாவது என்ன படம் வேணும்னு நாம எழுதிக் குடுக்கறதுல கலக்கும், மாதிரிக்குன்னு குடுக்கற ரெஃபரன்ஸ் படத்துல கலக்கும், லோரா (மாடலுக்கு நம்ம ஸ்டைல கத்துக்குடுக்கற சின்ன துணை ஃபைல்) ட்ரெயின் பண்ணும்போது ஒவ்வொரு படத்துக்கும் எழுதற கேப்ஷன்ல கலக்கும். எங்க கலந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது. அதத்தான் கீழ ஒவ்வொரு அறிகுறியா பாக்கப்போறோம், உங்களுக்கு எது பொருந்துதோ நேரா அங்க போயிடுங்க, ஆனா இந்த முதல் பகுதிய மட்டும் தாண்டாதீங்க.

கை வைக்கறதுக்கு முன்னாடி

சீட் நம்பர ஒரே எண்ணா பூட்டி வச்சுக்கோங்க. படம் ஆரம்பிக்கறது வெறும் இரைச்சல் புள்ளிகள்ல இருந்துதான், அந்தப் புள்ளிகள் எப்படி சிதறிக் கிடக்கணும்னு முடிவு பண்றது சீட். அது ஒவ்வொரு தடவையும் மாறிட்டே இருந்தா, நீங்க மாத்துன வார்த்தையால படம் மாறுச்சா இல்ல சீட் மாறுனதால மாறுச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. பூட்டிட்டு ஒரு நேரத்துல ஒரே ஒரு விஷயத்த மாத்துங்க. சாட்ல பேசி படம் வாங்கற டூல்ல பெரும்பாலும் சீட்ட நம்ம கைல குடுக்க மாட்டாங்க, அங்க ஒரே ப்ராம்ப்டுக்கு மூணு நாலு படம் எடுத்து எல்லாத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்துட்டுதான் முடிவுக்கு வரணும், ஒரே படத்த வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாது.

அடுத்தது டெஸ்ட் செட். முகம் குளோசப், ஒருத்தர் ஓடற மாதிரி முழு உருவம், மேஜை மேல ஒரு சாமான், ஆளே இல்லாத ஒரு இடம், கூட்டம், ராத்திரி காட்சி. இந்த ஆறையும் ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டு ஸ்டைல்ல எத மாத்துனாலும் ஆறையும் ஓட்டிப் பாருங்க. முகத்த மட்டும் பாத்துட்டு "ஸ்டைல் செட் ஆயிடுச்சு"ன்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் ராத்திரி காட்சியும் கூட்டமும் வரும்போது மொத்தமா உடையறதுதான் வழக்கமா நடக்கறது.

உதாரணத்துக்கு ஒரு ஸ்டைல எடுத்துக்குவோம், கடைசி வரைக்கும் இதையே வச்சு பேசலாம்: மரக்கட்டைல செதுக்கி அச்சு எடுத்த மாதிரி படம், தடிமனான கருப்புக் கோடு, செங்கல் சிவப்பு, மங்கின மஞ்சள், அடர் நீலம்னு மூணே கலர், நிழலுக்கு பதிலா குறுக்குக் கோடு, பழுப்பேறுன தாள்.

அறிகுறி: ஒவ்வொரு படமும் ஒவ்வொரு ஸ்டைல்ல வருது

முதல்ல ப்ராம்ப்ட எடுத்து ஸ்டைல் சம்பந்தப்பட்ட வார்த்தைகளுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்க. "அழகான", "தத்ரூபமான", "மாஸ்டர்பீஸ்", "கலைநயமிக்க"ன்னு இருந்துச்சுன்னா கோளாறு அங்கதான். இந்த வார்த்தைகளுக்கு கோடு எப்படி இருக்கணும், கலர் எத்தனை, நிழல் எப்படிங்கற தகவல் எதுவும் கெடையாது, அதனால மாடல், அதாவது படம் போடற ஏஐ, அதுக்கு பழக்கமான சராசரிக்குப் போயிடும், அந்த சராசரி ஒவ்வொரு சப்ஜெக்டுக்கும் வேற வேற. பூனைன்னா போட்டோ, டிராகன்னா ஃபேன்டஸி போஸ்டர், ராத்திரி நகரம்னா நியான் லைட்டு.

அதுக்கு பதிலா கண்ணுக்குத் தெரியறத எழுதுங்க. கோடு தடிமனா மெல்லிசா, ஒரே அளவா இல்ல ஏறி இறங்குதா, ஓரம் கூர்மையா இல்ல மை கசிஞ்ச மாதிரியா. எத்தனை கலர், என்னென்ன கலர், பேர் சொல்லி. நிழல் எப்படி வருது, கலர் மெதுவா மங்கிப் போகுதா, இல்ல வெட்டுனாப்ல நிக்குதா, இல்ல கோடு கோடா வருதா. தாள் தெரியணுமா. பேக்ரவுண்ட்ல எவ்வளவு விவரம், எவ்வளவு வெறும் இடம். நம்ம உதாரணத்துல "விண்டேஜ் மரக்கட்டை அச்சு ஸ்டைல்"னு மட்டும் எழுதுனா ஒரு படத்துல கலர் வரும், ஒரு படத்துல வெறும் கருப்பு வெள்ளையா வரும். "மூணே சமதள நிறங்கள், செங்கல் சிவப்பு, மங்கின மஞ்சள், அடர் நீலம், நிறம் மங்கி மாறவே கூடாது, நிழல் எல்லாம் இணையான செதுக்கல் கோடுகளா"ன்னு எழுதுனா மாடலுக்கு தப்பிச்சு ஓட இடம் இல்ல.

ஸ்டைல விவரிக்கற இந்தப் பத்திய (பாராவ) ஒரு தடவ சரியா எழுதிட்டு அப்புறம் எழுத்து மாறாம அப்படியே ஒட்டுங்க, சப்ஜெக்ட் வரிய மட்டும் மாத்துங்க. ஒவ்வொரு தடவையும் ஞாபகத்துல இருந்து எழுதுனா அர்த்தம் ஒண்ணா இருந்தாலும் மாடலுக்கு அது வேற ப்ராம்ப்ட்தான்.

நீளத்தையும் கவனிங்க. சொந்த கம்ப்யூட்டர்லயே ஓட்டக்கூடிய ஸ்டேபிள் டிஃப்யூஷன் 1.5, எஸ்டிஎக்ஸ்எல்ங்கற ரெண்டு மாடல்லயும் ப்ராம்ப்ட படிக்கற க்ளிப்ங்கற பகுதி ஒரு தடவைல 77 டோக்கன்தான் (டோக்கன்னா வார்த்தை இல்லன்னா வார்த்தையோட துண்டு) எடுக்கும், அதுல ஆரம்பக் குறி கடைசிக் குறி போக உங்களுக்கு மிச்சம் 75. அதுக்கு மேல போனா சில டூல் வெட்டி எறிஞ்சுடும், சில டூல் துண்டு துண்டா பிரிச்சு உள்ள அனுப்பும், எப்படி இருந்தாலும் கடைசில எழுதுன ஸ்டைல் வார்த்தைக்கு பலம் கொறஞ்சுடும். அதனால இந்த மாடல்கள்ல ஸ்டைல முன்னாடி வைங்க. ஃப்ளக்ஸ் மாதிரி மாடல்ல ப்ராம்ப்ட படிக்கறதுக்கு டி5னு இன்னொரு பெரிய பகுதியும் (டெக்ஸ்ட் என்கோடர்) இருக்கறதால நீளமான, வாக்கியமா எழுதுன ப்ராம்ப்ட்டையும் நல்லா புரிஞ்சுக்கும், அங்க கமா போட்டு வார்த்தைய அடுக்கறதவிட வாக்கியமா எழுதறதுதான் எடுபடும். அப்புறம் க்ளிப் பெரும்பாலும் இங்கிலீஷ் தலைப்புகள வச்சு பழகுனது, தமிழ்ல ப்ராம்ப்ட் போட்டா எழுத்துகள பொடிப்பொடியா ஒடச்சு டோக்கன் எல்லாத்தையும் முழுங்கிட்டு சம்பந்தமே இல்லாத படம் குடுக்கும். உங்க கம்ப்யூட்டர்ல ஓட்டற மாடலுக்கு இங்கிலீஷ்லயே எழுதுங்க. சாட் டூல்ல தமிழ் ஓடும், பிரச்சனை இல்ல.

யாரோ ஷேர் பண்ண ப்ராம்ப்ட்ல இருந்து வந்து ஒட்டிக்கிட்ட வார்த்தைகளும் இருக்கும்: "8கே", "சினிமாட்டிக் லைட்டிங்", "85எம்எம் லென்ஸ்", "ஹைப்பர்ரியலிஸ்டிக்". கேமரா பத்தின எந்த வார்த்தையும் படத்த போட்டோ பக்கம் இழுக்கும், கட்டை அச்சு கேட்டுட்டு லென்ஸ் பேரும் சொன்னா ரெண்டும் கெட்டானா ஒண்ணு வரும். ஈவிரக்கம் இல்லாம அழிச்சுடுங்க.

மிட்ஜர்னிங்கற ஆன்லைன் டூல்ல இன்னொரு விஷயம் இருக்கு. ஸ்டைலைஸ்ங்கற அளவு 0ல இருந்து 1000 வரைக்கும் போகும், நீங்க ஒண்ணும் சொல்லலன்னா 100. அதாவது சும்மா விட்டாலே அது தன்னோட ரசனைய கொஞ்சம் பூசித்தான் குடுக்கும். உங்க ஸ்டைல் உங்களோடதா இருக்கணும்னா அத எறக்குங்க, கூடவே அந்தப் பூச்ச கொறைக்கற ரா மோட போட்டுப் பாருங்க. உங்க ரசனைக்கு ஏத்த மாதிரி படத்த மாத்தற பர்சனலைசேஷன் ஆன்ல இருக்கான்னும் பாருங்க, நீங்க முன்னாடி லைக் பண்ண படங்களோட சாயல் எல்லாத்துலயும் ஏறிட்டே இருக்கும், ப்ராம்ப்ட்டுல எவ்வளவு தேடுனாலும் காரணம் கெடைக்காது.

அறிகுறி: ரெஃபரன்ஸ் படத்துல இருந்த பொருளே வந்து உக்காந்துக்குது

ஸ்டைலுக்காக ஒரு படம் குடுத்தீங்க, அதுல ஒரு சிவப்புக் குடை இருந்துச்சு. இப்ப கடல் கேட்டாலும் குடை, குதிரை கேட்டாலும் குடை. என்ன, எப்படி ரெண்டும் கலந்துடுச்சுங்கறதுக்கு இதவிட தெளிவான அடையாளம் கெடையாது.

முதல்ல படத்த எந்த வழியா உள்ள குடுத்தீங்கன்னு பாருங்க. மிட்ஜர்னில படத்த சும்மா ப்ராம்ப்ட் முன்னாடி போட்டா அது இமேஜ் ப்ராம்ப்ட், பொருள் அமைப்பு கலர் எல்லாத்தையும் எடுக்கும். ஸ்டைல் மட்டும் வேணும்னா எஸ்ரெஃப்ங்கற ஸ்டைல் ரெஃபரன்ஸ் வழியாதான் குடுக்கணும். அதோட பலம் எஸ்டபிள்யூ, அதுவும் 0 முதல் 1000, இயல்பா 100. குடை வந்துட்டே இருந்தா 50க்கு எறக்கிப் பாருங்க, ஸ்டைல் நிக்குதா குடை போகுதான்னு தெரிஞ்சுடும்.

ஆனா உண்மையான மருந்து ரெஃபரன்ஸ் படங்கள தேர்ந்தெடுக்கறதுலதான் இருக்கு. ஒரே ஒரு படம் குடுத்தா அதுல எது ஸ்டைல் எது பொருள்னு மாடலுக்கு எப்படி தெரியும்? மூணு நாலு படம் குடுங்க, ஒண்ணுல ஆள், ஒண்ணுல மரம், ஒண்ணுல பாத்திரம், ஒண்ணுல தெரு, எல்லாத்துக்கும் பொதுவா இருக்கறது கோடும் கலரும் மட்டும்தான்னு இருக்கணும். அப்ப மாடல் பிடிச்சுக்கறதும் அந்தப் பொதுவான விஷயமாத்தான் இருக்கும். மூணு படத்துலயும் ஆள் நடுவுல நிக்கறாருன்னா "ஆள் நடுவுல நிக்கறது"ம் உங்க ஸ்டைல்ல ஒரு பாகமா ஆயிடும், இத நெறைய பேர் கவனிக்கறதே இல்ல.

கம்ஃபியுஐல (சொந்த கம்ப்யூட்டர்ல படம் எடுக்கற மென்பொருள்) ரெஃபரன்ஸ் படத்த உள்ள குடுக்கற ஐபி அடாப்டர் யூஸ் பண்றவங்க அதோட வெயிட் டைப்ங்கற ஆப்ஷன ஸ்டைல் டிரான்ஸ்ஃபர்னு மாத்துங்க. மாடலுக்குள்ள சில அடுக்குகள் அமைப்ப பாத்துக்குது, சில அடுக்குகள் ஸ்டைல பாத்துக்குது, இந்த ஆப்ஷன் ரெஃபரன்ஸ ஸ்டைல் அடுக்குக்கு மட்டும் அனுப்பும். அப்பவும் பொருள் கசிஞ்சா வெயிட்ட, அதாவது ரெஃபரன்ஸோட பலத்த, கொறைங்க.

சாட் டூல்ல இந்த மாதிரி குமிழ் எதுவும் இல்லாததால ரெண்டு படியா போங்க. முதல்ல படத்த குடுத்து "இதுல இருக்கற பொருள் எதையும் சொல்லாத, கோடு, நிறம், நிழல், தாள், அமைப்பு மட்டும் விவரிச்சு எழுது"ன்னு கேளுங்க. வர்ற எழுத்த நீங்க படிச்சு திருத்துங்க, தப்பா பாத்திருந்தா சொல்லிக் குடுங்க. அப்புறம் புதுசா ஒரு சாட் திறந்து, அந்தப் படத்த குடுக்காம, எழுத்த மட்டும் குடுத்து படம் கேளுங்க. குடை வர வழியே இல்ல.

அறிகுறி: ஸ்டைல் மேல பூசுன மாதிரி இருக்கு, உள்ள எறங்கல

பாத்தா போட்டோவுக்கு ஃபில்டர் போட்ட மாதிரி இருக்கும். கலர் வந்திருக்கு, தாள் வந்திருக்கு, ஆனா முகத்துல நிழல் மட்டும் போட்டோ மாதிரி வழவழன்னு மங்கிப் போகுது. உங்க போட்டோவ குடுத்து படத்துல இருந்து படம் எடுக்கறவங்களுக்கு இது கண்டிப்பா வரும். காரணம் டீனாய்ஸ் அளவு, அதாவது குடுத்த படத்த எவ்வளவு தூரம் மாத்தலாம்ங்கற 0 முதல் 1 வரைக்குமான அளவு. 0.3ல வச்சா மாடலுக்கு கலர் மாத்தற அளவுக்குத்தான் சுதந்திரம், வடிவத்த திரும்ப வரைய முடியாது. 0.7க்கு ஏத்துனா ஸ்டைல் நல்லா எறங்கும், ஆனா ஆளோட போஸ், கை, பின்னாடி இருக்கற கட்டடம் எல்லாம் இஷ்டத்துக்கு மாறிடும். ரெண்டுக்கும் நடுவுல 0.45, 0.5னு தேடிட்டே நேரத்த வீணடிக்காதீங்க, அமைப்பப் பிடிச்சு வைக்கற வேலைய அதுக்குன்னே இருக்கற கண்ட்ரோல்நெட்ங்கற துணை மாடலுக்கு குடுத்துட்டு டீனாய்ஸ தாராளமா ஏத்துங்க. அதுல லைன் ஆர்ட் வகைய வச்சா கோட்ட ரொம்ப கெட்டியா பிடிச்சுக்கும், போட்டோவோட மெல்லிசு கோடே வந்து நம்ம தடிமன் கோட்ட கெடுத்துடும், அதனால கட்டை அச்சு மாதிரி ஸ்டைலுக்கு எது கிட்ட எது தூரம்னு மட்டும் பாக்கற டெப்த் வகை நல்லது. முழு நேரமும் பிடிச்சு வைக்கவும் வேண்டாம், மாடல் படத்த படிப்படியாத்தான் உருவாக்கும், அந்த ஸ்டெப்புல பாதி தாண்டுனதும் விட்டுடற மாதிரி எண்ட் பர்சென்ட்ங்கற அளவ கொறைச்சா கடைசிப் பாதில ஸ்டைல் தன் இஷ்டத்துக்கு கோடு போட்டுக்கும்.

சும்மா எழுத்துல இருந்து படம் எடுக்கும்போதும் இதே அறிகுறி வந்தா சப்ஜெக்ட் வரில விவரம் அதிகமா இருக்கான்னு பாருங்க. "சுருக்கம் விழுந்த தோல், கண்ணுல ஈரம், ஒவ்வொரு முடியும் தெரியுது"ன்னு எழுதிட்டு மூணு கலர் கட்டை அச்சு கேட்டா ரெண்டுல ஒண்ணு தோக்கணும், தோக்கறது ஸ்டைல்தான். கட்டைல எத செதுக்க முடியுமோ அத மட்டும் கேளுங்க.

அறிகுறி: கலர் எரியுது, கோடு கருகுன மாதிரி இருக்கு

நிறம் எல்லாம் கண்ண குத்துது, ஓரத்துல கருப்பு வெடிப்பு, வெள்ளை இடம் எல்லாம் வெளுத்துப் போகுது. முதல் சந்தேகம் சிஎஃப்ஜி மேல. ப்ராம்ப்ட எவ்வளவு முரட்டுத்தனமா பின்பற்றணும்ங்கற அளவு அது, ஸ்டைல் வரலன்னு அத 12, 15னு ஏத்திட்டே போறது ரொம்ப பேரோட பழக்கம். எஸ்டிஎக்ஸ்எல்ல 5ல இருந்து 7க்குள்ள இருங்க. ஃப்ளக்ஸோட டெவ் மாடல்ல இதே மாதிரி வேலை செய்யற கைடன்ஸ்ங்கற அளவு இயல்பா 3.5, ஓவியம் மாதிரி ஸ்டைலுக்கு 2 பக்கம் எறக்கிப் பாருங்க, அந்த மெழுகு மாதிரி பளபளப்பு கொறையும்.

ரெண்டாவது சந்தேகம் லோரா பலம். ஒரு லோரா 1ல போட்டு, அதோட விவரம் ஏத்தற லோரா ஒண்ணு 0.8, லைட்டிங் லோரா ஒண்ணு 0.6ன்னு அடுக்குனா எல்லாம் மாடலுக்குள்ள இருக்கற அதே எண்கள் மேல போய் கூடிக்கும். மத்தத எல்லாம் அணைச்சுட்டு ஸ்டைல் லோராவ மட்டும் 0.7ல வச்சு ஆரம்பிங்க. அது தனியாவே 1ல எரியுதுன்னா லோராவே அதிகமா வெந்துடுச்சு, அதாவது தேவைக்கு மேல ட்ரெயின் ஆயிடுச்சு, கீழ ட்ரெயினிங் பகுதிக்குப் போங்க.

ப்ராம்ப்ட்ல அடைப்புக்குறி போட்டு வார்த்தைக்கு 1.5, 1.6னு பலம் குடுத்திருந்தாலும் இதே விளைவு வரும். 1.3 தாண்ட வேண்டிய அவசியம் வந்துச்சுன்னா வார்த்தையே தப்பு, வேற வார்த்தை தேடுங்க.

அறிகுறி: படம் சாம்பல் பூத்து கெடக்கு, இல்லன்னா மொத்தமா கருப்பு

இது ஸ்டைல் கோளாறே இல்ல, இதுக்காக ப்ராம்ப்ட்ட திருத்திட்டு உக்காராதீங்க. உள்ள சுருக்கி வச்ச வடிவத்த கடைசில கலர் படமா விரிக்கறது விஏஇங்கற பகுதி, அது மாடலுக்கு பொருந்தலன்னா கலர் செத்துப் போகும். மாடலுக்கு உரிய விஏஇய தேர்ந்தெடுங்க. எஸ்டிஎக்ஸ்எல்ல முழுக் கருப்பா வந்தா அதோட விஏஇ 16 பிட்ல ஓடும்போது எண்கள் கை மீறிப் போறதுதான் காரணம், அதுக்குன்னே 16 பிட்டுக்கு சரி பண்ண விஏஇ கெடைக்குது, இல்லன்னா ஆட்டோமேட்டிக்1111ல (கம்ஃபியுஐ மாதிரியே இன்னொரு மென்பொருள்) நோ ஹாஃப் விஏஇ ஆப்ஷன் போட்டா தீந்துச்சு.

அறிகுறி: வேண்டாம்னு சொன்னதுதான் முதல்ல வருது

"நிழல் இல்லாம", "பார்டர் இல்லாம"ன்னு ப்ராம்ப்டுக்குள்ள எழுதியிருப்பீங்க. "இல்லாம"ங்கறத பழைய மாடல்கள் கவனிக்கறதே இல்ல, நிழல்ங்கற வார்த்தைய பாத்துடுச்சு, நிழல் வந்துடும். வேண்டாததெல்லாம் நெகட்டிவ் ப்ராம்ப்ட் பெட்டில போடணும், மிட்ஜர்னில நோ பாராமீட்டர்ல போடணும். ஃப்ளக்ஸ்ல வழக்கமான அமைப்புல நெகட்டிவ் வேலை செய்யாது, அங்க வேண்டியத நேரா சொல்லிடறதுதான் ஒரே வழி: "நிழல் இல்லாம"வுக்கு பதில் "எல்லா இடமும் ஒரே சீரான சமதள நிறம்", "பார்டர் இல்லாம"வுக்கு பதில் "படம் தாளோட நாலு ஓரம் வரைக்கும் போகுது".

அறிகுறி: நானே ட்ரெயின் பண்ண லோரா, ஆனா எத கேட்டாலும் ட்ரெயினிங் படத்தையே திருப்பிக் குடுக்குது

இங்க கொஞ்சம் நிதானமா பேசணும், ஏன்னா சொந்த ஸ்டைல்னு ஒண்ணு வேணும்னா கடைசில எல்லாரும் வந்து சேர்ற இடம் லோராதான். பெரிய மாடல அப்படியே வச்சுட்டு அது மேல சின்னதா ஒரு திருத்தத்த மட்டும் கத்துக்குடுக்கற முறை இது, 2021ல மொழி மாடல்களுக்காக வந்தது, அப்புறம் பட மாடல்களுக்கும் ஒட்டிக்கிச்சு.

பாட்டு கத்துக்க வந்த பையன் குருவோட ராகத்தோட சேத்து அவரோட இருமலையும் கத்துக்கிட்டு போன கதைதான் லோரா விஷயத்துல நடக்கும். எது ராகம் எது இருமல்னு அதுக்கு யாரும் சொல்லல. அதச் சொல்ற ஒரே இடம் கேப்ஷன். இதுல விதி கொஞ்சம் தலைகீழா தோணும்: படத்துல எது மாறக்கூடியதோ அத எழுதணும், எது எப்பவும் வரணுமோ அத எழுதக்கூடாது. நம்ம கட்டை அச்சு படம் ஒண்ணுக்கு "தடிமனான கருப்புக் கோடு, மூணு நிறம், கட்டை அச்சு, குடை பிடிச்ச பெண்"ன்னு கேப்ஷன் எழுதுனா, கோடும் நிறமும் அந்த வார்த்தைகளோட போய் ஒட்டிக்கும், அந்த வார்த்தைகள சொல்லாதப்ப ஸ்டைல் வராது. அதுக்கு பதிலா ஸ்டைல கூப்பிடறதுக்குன்னு ஒரு வார்த்தைய வச்சுக்கோங்க, அதுதான் ட்ரிக்கர் வார்த்தை. "ட்ரிக்கர் வார்த்தை, குடை பிடிச்சுட்டு நிக்கற பெண், பின்னாடி சுவர், மழை"ன்னு மட்டும் எழுதுங்க. பெண், குடை, சுவர், மழை எல்லாத்துக்கும் மாடல்கிட்ட ஏற்கனவே வார்த்தை இருக்கு, அதெல்லாம் அதது இடத்துக்குப் போயிடும். எழுதாம விட்ட மிச்சம், அதாவது கோடு, நிறம், தாள், மொத்தமும் ட்ரிக்கர் வார்த்தைல வந்து தேங்கும். தானா கேப்ஷன் எழுதித் தர்ற டூல் யூஸ் பண்ணா எல்லா ஃபைலையும் திறந்து "ஓவியம்", "அச்சு", "இல்லஸ்ட்ரேஷன்" மாதிரி ஸ்டைல் வார்த்தைகள கையால அழிச்சுடுங்க. அலுப்பான வேலைதான், ஆனா ட்ரெயினிங் செட்டிங்ஸ்ல எத திருகுனாலும் இது தர்ற பலன தராது.

ட்ரிக்கர் வார்த்தை அகராதில இல்லாத ஒண்ணா இருக்கட்டும். "கட்டை"ன்னு சாதாரண வார்த்தைய வச்சா அதுக்கு மாடல்கிட்ட ஏற்கனவே இருக்கற அர்த்தமும் சேந்து வரும்.

படங்கள பத்தி: ஸ்டைலுக்கு 20ல இருந்து 40 நல்ல படம் போதும், நூறு சுமாரான படத்த விட இது மேல். சப்ஜெக்ட் கலந்து இருக்கணும். பாதிக்கு மேல பெண் முகம்னா எல்லாருக்கும் அந்த முகம்தான் வரும், கடல் கேட்டா அலைக்குள்ள முகம் தெரியும். எல்லாப் படத்துலயும் ஓரத்துல கையெழுத்து இருந்தா கையெழுத்தும் ஸ்டைல் ஆயிடும், முதல்லயே வெட்டிடுங்க. மெசேஜ் ஆப் வழியா போய் வந்து நசுங்கின ஜேபெக் படம் வேண்டவே வேண்டாம், அந்தக் கட்டம் கட்டமான சிதைவ லோரா ஒரு டெக்ஸ்ச்சரா நெனச்சு பத்திரமா கத்துக்கும். எஸ்டிஎக்ஸ்எல்னா படம் 1024 பிக்சலுக்கு கொறையாம, 1.5னா 512க்கு கொறையாம இருக்கணும். ஒளி எப்பவும் இடது பக்கத்துல இருந்து வர்றது உங்க ஸ்டைல்னா படத்த இடவலமா திருப்பற ஃப்ளிப் ஆப்ஷன அணைச்சுடுங்க.

செட்டிங்ஸ்ல ரேங்க், அதாவது லோராவுக்குள்ள எவ்வளவு எடம்ங்கறது, 16 அல்லது 32 இருந்தா ஸ்டைலுக்கு தாராளம், 128 வச்சா இருமல கத்துக்கத்தான் எடம் அதிகமாகும். லேர்னிங் ரேட், அதாவது கத்துக்கற வேகம், 0.0001ல ஆரம்பிக்கலாம். ரொம்ப முக்கியம், ஒவ்வொரு இபோக்கையும் (எல்லாப் படத்தையும் ஒரு சுத்து படிச்சு முடிக்கறது ஒரு இபோக்) தனி ஃபைலா சேவ் பண்ண சொல்லுங்க. முடிஞ்சதும் கடைசி ஃபைல கண்ண மூடிட்டு எடுக்காதீங்க. ஒரு பக்கம் இபோக், ஒரு பக்கம் லோரா பலம் 0.5, 0.7, 0.9, 1னு வச்சு கட்டம் போட்டு, அந்த ஆறு டெஸ்ட் ப்ராம்ப்டையும் ஓட்டுங்க. டெஸ்ட் ப்ராம்ப்ட்ல ட்ரெயினிங்ல இல்லவே இல்லாத பொருள் இருக்கணும், விண்வெளி ஓடம், சமையலறை மேஜைன்னு ஏதாவது. விண்வெளி ஓடம் கட்டை அச்சுல தெளிவா வந்து, ப்ராம்ப்ட்ல சொல்லாத குடையோ முகமோ எங்கயும் எட்டிப் பாக்கலன்னா அந்த இபோக்தான் உங்களுக்கு. பெரும்பாலும் அது கடைசிக்கு கொஞ்சம் முன்னாடிதான் இருக்கும்.

ட்ரிக்கர் போட்டும் ஒண்ணுமே மாறலன்னா: 1.5க்கு ட்ரெயின் பண்ணத எஸ்டிஎக்ஸ்எல்ல ஏத்துனீங்களான்னு பாருங்க, ரெண்டோட உள்ளமைப்பும் வேற, ஒண்ணுக்கு ஒண்ணு ஓடாது. அது சரியா இருந்தா கேப்ஷன் ஃபைல் பேரும் படத்தோட பேரும் ஒத்துப்போகுதான்னு பாருங்க, ஒத்துப்போகலன்னா ட்ரெயினர் கேப்ஷன படிச்சிருக்கவே வாய்ப்பில்ல.

இதுல ஒண்ணு சொல்லியே ஆகணும். இப்ப உயிரோட வரைஞ்சு பொழைக்கற ஒருத்தரோட படங்கள கேக்காம எடுத்து லோரா பண்ணாதீங்க. அவர் வாழ்நாள் பூரா தேடி அடைஞ்ச கோடு அது. டால்-ஈ 3 மாதிரி டூல்ல உயிரோட இருக்கற ஓவியர் பேர் சொல்லி ஸ்டைல் கேட்டா மறுக்கற மாதிரியே செஞ்சிருந்தாங்க, உங்க கம்ப்யூட்டர்ல ஓட்டும்போது தடுக்க யாரும் இல்லங்கறதுக்காக அது சரின்னு ஆயிடாது. உங்களோட சொந்த ஸ்கெட்ச் இருபது போதும், கை அவ்வளவா வரலன்னாலும் பரவால்ல, அதுல இருந்து வர்ற ஸ்டைல் வேற யார்கிட்டயும் இருக்காது.

அறிகுறி: சாட்ல திருத்தத் திருத்த படம் மங்கிட்டே போகுது

"தொப்பிய மாத்து", "இப்ப பேக்ரவுண்ட மாத்து"ன்னு ஒரே சாட்ல போய்ட்டே இருந்தா ஒவ்வொரு திருத்தத்துலயும் படம் மறுபடி வரையப்படுது, அதுல வந்த சின்ன பிசகு அடுத்ததுல பெருசாகும், கோடு மழுங்கும், கலர் ஒரு பக்கமா சாயும். ரெண்டு மூணு திருத்தத்துக்கு மேல போகாதீங்க. நல்லா இருந்த முதல் படத்த டவுன்லோட் பண்ணி, புது சாட்ல அதயும் ஸ்டைல் பத்தியையும் சேத்துக் குடுத்து, வேண்டிய எல்லா திருத்தத்தையும் ஒரே தடவைல கேளுங்க.

அறிகுறி: பெருசாக்குனா தாள் டெக்ஸ்ச்சர் காணாம போகுது

படத்த பெருசாக்கற டூலான அப்ஸ்கேலர் உங்க தாளோட சொரசொரப்ப தூசின்னு நெனச்சு துடைச்சுடுது. அனிமேவுக்குன்னு செஞ்ச அப்ஸ்கேலர் இதுல ரொம்ப மோசம். தாள ப்ராம்ப்ட்லயே எடுத்துடுங்க, சுத்தமா படம் எடுத்து, பெருசாக்கிட்டு, கடைசியா போட்டோ எடிட்டர்ல ஒரு தாள் படத்த மல்டிப்ளை லேயரா (கீழ இருக்கற படத்தோட கலந்து தெரியற அடுக்கா) மேல போடுங்க. எல்லாப் படத்துக்கும் ஒரே தாள்ங்கறதால தொடரே ஒண்ணு சேந்த மாதிரி தெரியும். படத்துக்குள்ள தமிழ் எழுத்து வேணும்னாலும் அங்கயே ஃபாண்ட் வச்சு எழுதிக்கோங்க, ஜெனரேட்டர் தர்ற எழுத்துல பல சமயம் கொம்பும் காலும் இடம் மாறிக் கெடக்கும்.

அறிகுறி: போன மாசம் வந்த ஸ்டைல் இப்ப வரல

ப்ராம்ப்ட் அதே, ஸ்டைலுக்கான கோட் நம்பர் அதே, ஆனா படம் வேற. ஆன்லைன் டூல்னா பின்னாடி மாடல் வெர்ஷன் மாறியிருக்கும். மிட்ஜர்னில எஸ்ரெஃப்புக்கு படத்துக்கு பதிலா ஒரு கோட் நம்பரும் குடுக்கலாம், அந்த நம்பர் ஒரு வெர்ஷன்ல குடுத்த ஸ்டைல இன்னொரு வெர்ஷன்ல குடுக்காது, அதனால கோட மட்டும் குறிச்சு வச்சா பத்தாது, எந்த வெர்ஷன்னும் ப்ராம்ப்ட்லயே சேத்து எழுதி வைங்க. சொந்த கம்ப்யூட்டர்னா செக்பாயின்ட் ஃபைல் (மாடலோட ஃபைல்), சாம்ப்ளர் (இரைச்சல படமா மாத்தற கணக்கு முறை), எத்தனை ஸ்டெப், படத்தோட அளவு இதுல ஏதோ ஒண்ணு மாறியிருக்கு. அளவு மாறுனாலே இரைச்சல் புள்ளி மொத்தமும் மாறிடும், சீட் ஒண்ணா இருந்தும் பிரயோஜனம் இல்ல. வேற கிராஃபிக்ஸ் கார்டுக்கு மாறுனாலும் ஆட்டோமேட்டிக்1111ல படம் மாறலாம், ரேண்டம் நம்பர் எங்க உருவாகணும்ங்கற செட்டிங்க சிபியுன்னு ஆரம்பத்துலயே வச்சுட்டா அந்த வித்தியாசம் பெருசா வராது.

இதெல்லாம் ஞாபகம் இல்லையேன்னு பதற வேண்டாம். ஆட்டோமேட்டிக்1111 எடுக்கற பிஎன்ஜி ஃபைலுக்குள்ளயே ப்ராம்ப்ட், சீட், சாம்ப்ளர், மாடல் எல்லாம் எழுதித்தான் சேவ் பண்ணுது, பிஎன்ஜி இன்ஃபோ டேப்ல படத்த போட்டா மொத்தமும் வரும். கம்ஃபியுஐல படத்த அப்படியே ஜன்னல்ல இழுத்து விட்டா ஒர்க்ஃப்ளோவே விரிஞ்சுடும். ஆனா அது ஒரிஜினல் ஃபைலா இருக்கணும், வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பி எடுத்ததுல அந்த விவரம் எல்லாம் போயிருக்கும். நல்லா வந்த படத்தோட ஒரிஜினல் பிஎன்ஜிய தனி ஃபோல்டர்ல வைங்க, பக்கத்துலயே அந்த லோரா ஃபைலையும் ஸ்டைல் பத்தி எழுதுன டெக்ஸ்ட் ஃபைலையும் வைங்க.